வெள்ளம் வடிந்த வளவைத் துப்புரவாக்குதல்: வயது முதிர்ந்த வீட்டுக்காரருக்கு

இடைத்தங்கல் முகாமிலிருந்து திரும்பி வந்து படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது வளவுதான். முற்றமெங்கும் சேறு, வேலியில் சிக்கிய வைக்கோலும் பொலித்தீனும், கிணற்றடியில் சரிந்து கிடக்கும் முருங்கை, எங்கிருந்தோ அடித்து வரப்பட்ட தகரம். பிள்ளைகள் தூரத்தில் இருக்க, தனியாகவோ துணைவருடன் மட்டுமோ திரும்பும் முதியவர்கள் பலர் அன்றைக்கே மண்வெட்டியைத் தேடுகிறார்கள். தன் கையால் காடு வெட்டி உண்டாக்கிய வளவு அப்படிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது. அது விளங்கக்கூடியதே. ஆனால் வெள்ளத்துக்குத் தப்பிய ஒருவர் துப்புரவு வேலையில் விழுந்து வைத்தியசாலைக்குப் போகக்கூடாது.

உங்கள் வளவு முழுவதையும் இப்போது துப்புரவாக்கத் தேவையில்லை. வீட்டு வாசல், மலசலகூடத்துக்கும் கிணற்றடிக்கும் போகும் பாதை, சுவரை ஒட்டிய இடம் ஆகியவை முதலில் வேண்டும். மற்றவை வாரக்கணக்கில் காத்திருக்கலாம். சில வேலைகளில் உங்கள் கை படவே கூடாது.

மண்வெட்டியை எடுக்கும் முன்

முதலில் படம் எடுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம், விழுந்த வேலி, முறிந்த மரங்கள், இறந்த கோழி, ஆடு, மாடு, பழுதான நீர்ப்பம்பி எல்லாவற்றையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். உங்களிடம் அப்படிப்பட்ட தொலைபேசி இல்லாவிட்டால் அயலில் உள்ள பிள்ளைகளைக் கேளுங்கள். கிராம அலுவலர் சேத விபரம் எடுக்க வரும்போது வளவு சுத்தமாக இருந்தால், எவ்வளவு சேதம் ஏற்பட்டது என்று சொல்ல உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். படம் எடுத்து, கிராம அலுவலரிடம் பதிந்த பிறகு அள்ளத் தொடங்குங்கள்.

அடுத்து, வாசலில் நின்றபடியே வளவைச் சுற்றிப் பாருங்கள். மின்கம்பி அறுந்து தொங்குகிறதா, மரம் கம்பியில் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஈர நிலத்தில் கம்பியைத் தொடாமலே மின்சாரம் தாக்கலாம். மின்சார சபைக்கு அறிவித்து, அவர்கள் வந்து சரிசெய்யும் வரை காத்திருங்கள். நீர்ப்பம்பி நனைந்திருந்தால் மின் வேலை தெரிந்த ஒருவர் பார்க்கும் வரை போட வேண்டாம்.

வெடிபொருட்கள்

இதை வன்னியிலும் கிழக்கிலும் திரும்பவும் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்று உங்களுக்குக் கையளிக்கப்பட்டிருந்தாலும், வெள்ளம் மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது ஆழத்தில் புதைந்திருந்த பொருட்கள் வெளியே தெரியக்கூடும். வேறிடத்திலிருந்து பாரமற்ற மிதிவெடிகள் தண்ணீரோடும் சேற்றோடும் அடித்து வரப்படவும் கூடும். ஆபத்தை அறிவிக்கும் பலகைகளும் கயிறுகளும் கூட வெள்ளத்தில் போயிருக்கலாம்.

துருப்பிடித்த இரும்பு, வயர் நீண்டிருக்கும் பெட்டி, பச்சை அல்லது மண்ணிறப் பிளாஸ்ரிக் வட்டம் போன்ற எதையும் கண்டால் தொடாதீர்கள், தடியால் தட்டியும் பார்க்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து, வந்த காலடித் தடத்தின் வழியே திரும்பி வாருங்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாதபடி தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, பொலிசுக்கு (119) அல்லது கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: வெள்ளம் கொண்டு வந்து சேர்த்த குப்பையைக் குவித்து எரிக்க வேண்டாம். குவியலுக்குள் என்ன கிடக்கிறது என்றோ, அது கிடக்கும் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்றோ உங்களுக்குத் தெரியாது. சருகு கூட்டி எரிப்பது எங்கள் பழக்கம்தான். இந்த முறை மட்டும் அதைத் தவிருங்கள். உக்கக்கூடியதை ஒரு மூலையில் உக்க விடுங்கள். மற்றதைப் பிரதேச சபை வண்டி எடுக்கக்கூடிய இடத்தில் சேருங்கள்.

சேற்றின் கணக்கு

பத்து லீற்றர் வாளி நிறையத் தண்ணீர் பத்து கிலோ. அதே வாளி நிறைய ஈரச் சேறு பதினைந்து கிலோவுக்கும் மேல். இருபது அடிக்கு இருபது அடி முற்றத்தில் இரண்டு அங்குலச் சேறு படிந்திருந்தால், அது ஏறக்குறைய 190 வாளி. நிறையில் சுமார் மூன்று தொன். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு தொடங்கினால், ஒரு நாளில் முடிக்கும் எண்ணம் தானாகவே விலகிவிடும்.

சுவரோடும் கதவு நிலையோடும் ஒட்டிய சேற்றை மட்டும் ஈரமாக இருக்கும்போதே இழுத்துவிடுங்கள். சுவர் காய்வதற்கு அது தடையாக நிற்கும். அதைத் தூக்க வேண்டியதில்லை. நீண்ட பிடியுள்ள மண்வெட்டியால் அல்லது பலகை அடித்த தடியால் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிவிட்டாலே போதும். நடுமுற்றத்துச் சேற்றை இரண்டு மூன்று நாள் வெயிலில் இறுக விடுங்கள். அது புட்டுப்போல் உதிராமலும் களியாக ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டி எடுக்கலாம். தண்ணீர் வற்றியதால் பாரமும் குறைந்திருக்கும். நன்றாகக் காய்ந்து தூசியாகும் வரை விட்டுவிடாதீர்கள். அந்த நிலையில் கூட்டினால் தூசி நெஞ்சுக்குள் போகும், முட்டு உள்ளவர்களுக்கு அது கூடாது. காய்ந்துவிட்டால் சிறிது தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கூட்டுங்கள்.

வாழை, தென்னை, மரக்கறிப் பாத்தி உள்ள பக்கத்தில் படிந்த வண்டல் மண்ணை அள்ளவே வேண்டாம். மரத்தின் அடியைச் சுற்றி மட்டும் சற்று விலக்கிவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள். குளத்து மண்ணைக் காசு கொடுத்துத் தோட்டத்துக்கு ஏற்றுபவர்கள் நாங்கள். ஆனால் மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த இடத்து மண் அப்படியல்ல. அதில் கீரையோ மரக்கறியோ இப்போது போட வேண்டாம்.

வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு கையில் ஒரு நிறை வாளியைத் தூக்குவதைவிட இரண்டு கையிலும் இரண்டு அரை வாளி இடுப்புக்கு நல்லது. கைவண்டில் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய தகரத்தை நிலத்தில் போட்டு அதன்மேல் சேற்றைக் குவித்துக் கயிறு கட்டி இழுப்பவர்களும் உண்டு. தகரத்தின் விளிம்பை மடித்துவிட்டால் அதுவும் நல்ல வழிதான்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, பிறகு வெயில் தணிந்த மாலையில் ஒரு மணித்தியாலம். அறுபது கடந்தவருக்கு ஒரு நாளைக்கு அதுவே போதும். இருபது நிமிடம் வேலை செய்தால் பத்து நிமிடம் நிழலில் இருங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கொதித்தாறிய தண்ணீரைக் குடியுங்கள். வயதானால் தாகம் தெரிவது குறையும்.

முகாமில் இருந்த நாட்களில் பலருக்கு மருந்து தப்பியிருக்கும். இரத்த அழுத்தம், சலரோகம், இருதய நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வெள்ளத்தில் போயிருந்தால், முதல் வேலை சேறு அள்ளுவதல்ல, கிளினிக் கொப்பியுடன் வைத்தியசாலைக்குப் போய் மருந்து எடுப்பது. கொப்பியும் தொலைந்திருந்தால் அதையே சொல்லிக் கேளுங்கள். சலரோகம் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வேலை தொடங்கக்கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். முள்ளோ ஆணியோ ஏறினாலும் தெரியாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து, கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், அல்லது மற்றவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், தலைச்சுற்று ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி இருந்துவிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று இரவு வரை பார்த்திருக்க வேண்டாம். தனியாக இருப்பவர் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அயல்வீட்டுக்கு ஒரு குரல் கொடுக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு, ஆணி, எலியின் சிறுநீர்

வெள்ளத்தில் பாம்புகளும் இடம்பெயர்ந்துதான் வந்திருக்கும். விறகு அடுக்கு, கிடுகுக் குவியல், கவிழ்ந்த தகரம், நெல் மூட்டை ஆகியவற்றின் அடியில் அவை இருக்கும். கையை விட்டு எதையும் தூக்காதீர்கள். நீண்ட கொக்கத்தடியால் எட்ட நின்று, உங்கள் பக்கம் அல்லாமல் மறுபக்கமாகக் கிளப்பிவிட்டு, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடித்த காலை அல்லது கையை அசைக்காமல் வைத்து, நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். புடையன் கடிக்கும் நாகம் கடிக்கும் விஷமுறி மருந்து அங்கேதான் உண்டு.

முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து, தடித்த கையுறை இரண்டும் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். நிவாரணப் பொதியில் சப்பாத்து கிடைக்காதவர்கள் எமது கள அலுவலரிடம் அளவைச் சொல்லிக் கேளுங்கள். தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போகும். பித்தவெடிப்பு உள்ள கால் என்றால் இன்னும் கவனம். முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ கேட்டு, அவர்கள் தந்தால் மட்டும் எடுங்கள். ஆணியோ தகரமோ வெட்டினால் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, அன்றைக்கே ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள்.

உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகளை மேலும் உடைக்காதீர்கள். நனைத்து, துணியால் மூக்கை மூடிக்கொண்டு, பொலித்தீனில் சுற்றி ஒதுக்குங்கள். செத்த கோழி, ஆடுகளைக் கிணற்றிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். குழி வெட்டும் வேலையை இளையவர்களிடம் விடுங்கள். கிணற்றை உடனே இறைத்துக் காயவிட வேண்டாம். சுற்றியுள்ள மண் ஊறியிருக்கும்போது உள்ளே தண்ணீரை முழுதாக எடுத்தால் கட்டு சரியக்கூடும். குளோரின் போடுவது பற்றிச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்வார்.

விழுந்த மரங்கள்

இது உங்கள் வேலை அல்ல. வளைந்து அழுத்தத்தில் கிடக்கும் மரத்தை வெட்டும்போது அது எந்தப் பக்கம் எகிறும் என்று பழகியவருக்கே சில வேளை தெரியாது. பாதையை மறிக்கும் சிறு கிளைகளைக் கத்தியால் கழிப்பதோடு நிறுத்துங்கள். பனையும் பலாவும் தறிக்க அனுமதி தேவைப்படும் மரங்கள். ஆகவே விழுந்ததைப் படமெடுத்து, கிராம அலுவலரிடம் சொல்லிய பிறகே தறிக்கவோ ஏற்றவோ கொடுங்கள். முற்றிய பனை வளைக்கும் சிலாகைக்கும் ஆகும். உங்கள் கூரை திருத்தவே அது தேவைப்படலாம். வந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். தென்னங்குற்றியை மட்டும் மாதக்கணக்கில் உக்கக் கிடக்க விடாதீர்கள். அதில் கருவண்டு பெருகி, நிற்கும் தென்னைகளைத் தின்னும்.

வேலி

வெள்ளத்துக்குப் பின் அயலவர்களுக்குள் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் வேலியால்தான். கதியால்கள் சரிந்து, எல்லைக்கல் சேற்றில் மூடியிருக்கும்போது, அவசரத்தில் ஒருவர் அரை அடி தள்ளி நட்டுவிட்டால் அது பிறகு பிரதேச செயலகம் வரை போகும். சரிந்த கதியாலை அடையாளத்துக்காக அந்த இடத்திலேயே விடுங்கள். எல்லைக்கல்லை ஒருபோதும் பிடுங்காதீர்கள். இரண்டு பக்கத்தாரும் நின்று, கயிறு பிடித்துப் பார்த்து, பிறகு நடுங்கள். நிலம் ஈரமாக இருக்கும்போது பூவரசும் கிளுவையும் இலகுவில் வேர்விடும். அதனால் இந்த வேலையை மட்டும் கோடைக்குப் பின்போட வேண்டாம்.

உதவி கேட்பது

இவ்வளவு காலம் மற்றவருக்குக் கொடுத்துப் பழகியவருக்குக் கேட்பது கடினம். ஆனாலும் கேளுங்கள். முதியோர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் கழகம் ஆகியன சிரமதானத்துக்கு வீடுகளைத் தெரிவு செய்யும்போது, பெயர் கொடுத்தவர்களின் வீடே பட்டியலில் வரும். "வந்து உதவுங்கோ" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சுவரோரச் சேறு தள்ள இரண்டு பேர், அரை நாள்" என்று சொன்னால் ஆள் கிடைப்பது சுலபம். வந்த பிள்ளைகளுக்கு எந்த மரம் வேண்டும், எது வேண்டாம், பழைய மலசலகூடக் குழி எங்கே என்று காட்ட வேண்டியவர் நீங்கள். கதிரையைப் போட்டு நிழலில் இருந்தபடி அதைச் செய்யலாம். கூலிக்கு ஆள் பிடிப்பதென்றால் வேலையையும் கூலியையும் முதலே பேசி, வேலை முடிந்த பிறகு கொடுங்கள்.

சேற்றில் வேலை செய்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் கடையில் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.