கேமராவைவிட லென்ஸே முதலீடு!

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலத்துக்கு வரும்போது, அனுபவமுள்ள கண்ணும் விரலும் பஞ்சின் தரத்தைச் சொல்லிவிடும். பஞ்சு நூலாகி, திருப்பூரில் பின்னலாடையாகிக் கடல் கடந்த சந்தையைத் தேடும்போது, தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பலருக்கு இல்லை. அங்கே துணிக்குச் சாட்சி புகைப்படம்தான்.

ஆடைகளைப் படமெடுக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர், வங்கிக் கடனில் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா வாங்கத் திட்டமிட்டார். பெரும்பகுதி கேமராவுக்கு, மிச்சம் லென்ஸுக்கு. கணக்கைத் திருப்பிப் போடச் சொன்னேன்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36x24 மி.மீ. ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைகளில் அது ஏறத்தாழ 44x33 மி.மீ.; பரப்பில் சுமார் 1.7 மடங்கு. லென்ஸ் உருவாக்கும் ஒளிவட்டம் அதன் மூலைவிட்டமான 55 மி.மீ.யையாவது நிறைக்க வேண்டும். இல்லையேல் படத்தின் மூலைகள் இருளும். சுமார் 10 கோடி பிக்சல் கொண்ட சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரானுக்கும் குறைவு. அந்த நுணுக்கத்தை லென்ஸ் தராவிட்டால், பிக்சல்கள் வெறும் எண்ணிக்கையே.

எதைப் பார்த்து வாங்குவது? துணியைப் பெரும்பாலும் எஃப்/8, எஃப்/11 அளவில்தான் எடுக்கிறோம். எனவே, மிக அகலமான துவாரத்துக்காகக் கூடுதல் விலை தருவது வீண். மையத்தைப் போலவே ஓரங்களும் தெளிவாக இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. தையலையும் பின்னலையும் நெருங்கிக் காட்ட 120 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஏற்றது. வெயிலில் ஃபிளாஷ் பயன்படுத்துவோருக்கு, ஹாசல்பிளாட் போல லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் அமைந்திருப்பது நன்மை.

ஓர் எச்சரிக்கை: கூர்மையான லென்ஸில் பின்னல் வரிசையும் பிக்சல் வரிசையும் மோதி, துணியில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றலாம். அது லென்ஸின் குறையன்று. தூரத்தையோ கோணத்தையோ சற்று மாற்றினால் பெரும்பாலும் தணியும்.

பொருளியல் பாடம் எளிது. 2017-இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் சுமார் 5 கோடி பிக்சல். 2019-இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100 சுமார் 10 கோடி. இரண்டே ஆண்டுகளில் கேமரா பழையதாயிற்று; அதன் லென்ஸ்களோ புதியதிலும் அப்படியே பொருந்தின. தேய்மானம் எதில் அதிகம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே, முதலில் லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் துணியையே படமெடுத்து, முழு அளவில் பெரிதாக்கி, நான்கு மூலைகளையும் பாருங்கள். பஞ்சைச் சோதிக்காமல் விலை சொல்லாத ஊர் இது; லென்ஸுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?