புதிய செயலிக்கு ஒரு சோதனைக்களம்

லினக்ஸ் கெர்னலுக்குள் இருந்தபடி மெய்நிகர் கணினிகளை இயக்குவது கேவிஎம். 2007-இல் லினக்ஸ் 2.6.20 பதிப்போடு வந்தது. அதைச் சோதிக்க ‘கேவிஎம் யூனிட் டெஸ்ட்ஸ்’ என்ற தொகுப்பு உண்டு. இதிலுள்ள ஒவ்வொரு சோதனையும் இயங்குதளம் இல்லாமல் மெய்நிகர் கணினியில் நேரே ஏறி ஓடும் குட்டி நிரல். முழு லினக்ஸை ஏற்றிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. அது தொடாத மூலைமுடுக்குகள் செயலியில் ஏராளம். பிழை தென்பட்டாலும் அது பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இன்டெல், ஆர்ம் போன்றவற்றுக்குப் பின், 2024-இல் இந்தத் தொகுப்பில் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது. 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, உரிமக் கட்டணம் இல்லாத கட்டளைத் தொகுதி அது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகளும் அதன்மேல் எழுந்தவையே.

புதிய செயலியைச் சேர்க்கும்போது முதலில் எழுதப்படுவது சோதனை அல்ல. சோதனை கால் ஊன்றத் தரை. ரிஸ்க்-ஃபைவ் செயலி விழிக்கும்போது ஏ0 பதிவகத்தில் அதன் எண்ணும், ஏ1-இல் வன்பொருள் விவரப் பட்டியலின் முகவரியும் இருக்கும். அசெம்பிளியில் எழுதிய சில வரிகள் அவற்றைப் பத்திரப்படுத்தி, ஸ்டாக்கை அமைத்து, சி மொழி நிரலுக்கு வழிவிடுகின்றன. அடுத்த தேவை, எழுத்துகளை வெளியே அனுப்பும் சீரியல் போர்ட். பட்டியலைப் படிக்கும் முன்பே பிழை வந்தால் அதைச் சொல்ல வழி வேண்டுமே! அதனால், கணினியை மென்பொருளால் போலச்செய்யும் க்யூஎமுவின் ‘விர்ட்’ பலகையில் அந்தப் போர்ட் இருக்கும் 0x10000000 என்ற முகவரி முன்கூட்டியே நிரலில் எழுதிவைக்கப்படுகிறது.

மிக நுட்பமான வேலை, பிழையான கட்டளை போன்றவற்றைச் சந்திக்கும்போது செயலி எழுப்பும் விதிவிலக்குகளைக் கையாள்வது. இரண்டு பைட்டும் சுழியமாக உள்ள கட்டளை ரிஸ்க்-ஃபைவ்வில் செல்லாது. அதை வேண்டுமென்றே இயக்கினால், செயலி எஸ்டிவெக் பதிவகம் காட்டும் இடத்துக்குத் தாவும். எஸ்காஸ் பதிவகத்தில் காரண எண் 2-உம், எஸ்இபிசி பதிவகத்தில் பிழை தந்த கட்டளையின் முகவரியும் இருக்கும். கையாளும் நிரல் அந்த முகவரியை நகர்த்தாமல் திரும்பினால் அதே கட்டளை மீண்டும் மீண்டும் ஓடி, சோதனை அங்கேயே சுழலும். பழக்கதோஷத்தில் 4 பைட் நகர்த்தினாலும் தவறு; இங்கே 2 பைட்தான். தவறினால் அடுத்த கட்டளை விடுபடும், அல்லது அதன் நடுவில் போய் விழும். இத்தகைய தவறு கேவிஎம்மின் பிழைபோலவே தோற்றமளிக்கும் என்பதால், தொகுப்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நிரல் முதலில் தேறியாக வேண்டும்.

மற்றச் செயலிகளை எழுப்புவதும் கணினியை அணைப்பதும் எஸ்பிஐ என்ற கீழடுக்கின் பொறுப்பு. ‘ஈகால்’ கட்டளையால் அதை அழைக்கலாம். ரிஸ்க்-ஃபைவ் வன்பொருள் கையில் இல்லாதவரும் சாதாரண மடிக்கணினியிலேயே, க்யூஎமு போலச்செய்யும் செயலியில் இந்தச் சோதனைகளை ஓட்டலாம். அங்கே தேறிய சோதனை கேவிஎம்மின் கீழ் தோற்றால், தேடலைக் கேவிஎம்மிலிருந்தே தொடங்கலாம்.