மூளை மரணம்: வாதிப்பதற்கு முன் விளங்கிக்கொள்வோம்

 



நவீன காலம் எழுப்புகின்ற கேள்விகளுள் சில, நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்வரை நமக்குரியனவாகத் தோன்றுவதில்லை. மூளை மரணம் அத்தகையதொரு கேள்வியாகும். மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தப்பட்டிருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். உடல் சூடாக இருக்கின்றது. நெஞ்சு ஏறி இறங்குகின்றது. திரையிலே இதயத் துடிப்புத் தெரிகின்றது. வைத்தியரோ, "மூளை இறந்துவிட்டது, உறுப்புக்களைத் தானம் செய்ய விரும்புகின்றீர்களா?" எனக் கேட்கின்றார். வாப்பா ஒன்று சொல்கின்றார், மூத்த மகன் வேறொன்று சொல்கின்றார். மாமா ஒரு மௌலவியிடமும் சாச்சா இன்னொரு மௌலவியிடமும் தொலைபேசியில் விசாரிக்க, இரு வேறு பதில்கள் கிடைக்கின்றன. அழுகைக்கும் கோபத்துக்கும் இடையில், வைத்தியசாலைத் தாழ்வாரத்திலே, இவ்வளவு நுட்பமானதொரு மஸ்அலா எவ்வாறு ஆராயப்பட முடியும்? அதனை வீட்டில் அமைதியாக அமர்ந்திருக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வுரை.

ஒரு விடயத்தைப் பற்றிய தீர்ப்பு, அவ்விடயத்தைச் சரியாக விளங்கிக்கொள்வதிலிருந்தே கிளைக்கின்றது என்பது உஸூல் கலை கற்ற எல்லோரும் அறிந்த விதியாகும். எனவே முதலில் விடயத்துக்கு வருவோம்.

பண்டைய காலத்தில் மூச்சு நின்றால் இதயமும் நிற்கும், இதயம் நின்றால் மூச்சும் நிற்கும். இரண்டுக்கும் இடையே இடைவெளி இருக்கவில்லை. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ நோய் பரவியபோது, சுவாசிக்க இயலாதவர்களின் தொண்டையில் குழாயிட்டுக் கையினால் காற்றுச் செலுத்தி உயிர்காக்கும் முறை பரவலாகக் கையாளப்பட்டது. அதன் வழியே செயற்கைச் சுவாச இயந்திரங்களும் பெருகின. அவை எண்ணற்ற உயிர்களைக் காத்தன. கூடவே மனித குலம் முன்னர் கண்டிராத ஒரு நிலையையும் தோற்றுவித்தன. 1959இல் பிரான்சு நாட்டு வைத்தியர்கள் இருவர், மூளை முற்றாகச் செயலிழந்த பின்னரும் இயந்திரத்தின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நோயாளர்களைப் பற்றி எழுதினர். 1968இல் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று அந்நிலையை மரணமாகக் கொள்வதற்கான அளவுகோல்களை முன்வைத்தது. தென்னாபிரிக்காவில் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது 1967 டிசம்பரில் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். உறுப்புக்களைப் பெறுவதற்காகவே மரணத்தின் வரைவிலக்கணம் மாற்றப்பட்டதோ என்ற ஐயம் அன்றே எழுந்தது. அந்த ஐயத்தை எழுப்புபவரை அறிவற்றவர் என்று ஒதுக்குவது நியாயமன்று.

மூளை இறந்த பின்னரும் இதயம் எவ்வாறு துடிக்கின்றது? இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே தூண்டிக்கொள்ளும் அமைப்பை அல்லாஹ் வைத்திருக்கின்றான். ஒட்சிசன் கிடைக்கும்வரை சில காலம் அது துடிக்கும். சுவாசம் அப்படியன்று, மூளைத் தண்டின் கட்டளையின்றி ஒரு மூச்சும் நிகழாது. ஆகவேதான் வைத்தியர்கள் மூளைத் தண்டைச் சோதிக்கின்றார்கள். மயக்க மருந்தோ கடுங்குளிரோ இந்நிலைக்குக் காரணமல்ல என்பதை முதலில் உறுதிசெய்கின்றார்கள். கண்மணி ஒளிக்குச் சுருங்குகின்றதா, கருவிழியைத் தொட்டால் இமை அசைகின்றதா, காதினுள் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் கண் நகர்கின்றதா எனப் பார்க்கின்றார்கள். இறுதியில் ஒட்சிசனை மாத்திரம் கொடுத்து, இயந்திரம் மூச்சுத் தருவதை நிறுத்தி, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறிய பின்னும் ஒரு மூச்சேனும் தானாக வருகின்றதா என அவதானிக்கின்றார்கள்.

இது கோமா அன்று. கோமாவில் இருப்பவரின் மூளை உயிருடன் இருக்கின்றது. அவர் விழித்தெழவும் கூடும். "பல வருடங்கள் கோமாவில் கிடந்தவர் எழுந்தாரே" என்ற கதையை மூளை மரணத்துக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் இரு வேறு நிலைகளைக் குழப்பிக்கொள்கின்றனர். சபைகளில் எழும் சச்சரவில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தினாலேயே விளைகின்றது.

இனி, அந்த இரு மௌலவிகளின் பதில்களுக்கு வருவோம். அவை மனம்போன போக்கில் சொல்லப்பட்டவையல்ல. இன்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு எனப்படும் அமைப்பின் சர்வதேச பிக்ஹ் அகடமி, 1986இல் ஜோர்தானின் அம்மான் நகரில் கூடியபோது, மூளையின் தொழிற்பாடுகள் யாவும் முற்றாக நின்று, அது மீளாது என நிபுணர்கள் தீர்மானித்து, மூளை சிதைவடையத் தொடங்கியிருந்தால், அவர் ஷரீஅத்தின் பார்வையிலும் மரணித்தவரே என முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபையோ வேறு விதமாகக் கூறிற்று: நிபுணத்துவம் வாய்ந்த மூன்று வைத்தியர்கள் உறுதிப்படுத்தினால் இயந்திரத்தை அகற்றலாம், எனினும் மூச்சும் இதயமும் நின்ற பின்னரே அவர் மரணித்தவராகக் கொள்ளப்படுவார்.

இவ்வேறுபாடு வெறும் சொற்போர் அன்று. ஒருவரின் மூளை திங்களன்று இறக்கின்றது. புதனன்று இதயம் நிற்கின்றது. இடையில் செவ்வாயன்று அவருடைய வாப்பா வபாத்தாகின்றார் என வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு சகோதரரும் சிறு பிள்ளைகளும் உண்டு. அம்மான் தீர்மானத்தின்படி மகன் முந்தி மரணித்தவர். எனவே பாட்டனாரின் சொத்தில் அப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை, பெரியவாப்பாவோ சாச்சாவோ அவர்களைத் தடுத்துவிடுவார். மக்கா தீர்மானத்தின்படி செவ்வாயன்று மகன் உயிருடன் இருக்கின்றார். அவர் பெறும் பங்கு பின்னர் அவருடைய பிள்ளைகளைச் சேரும். அநாதைகளின் உரிமை இதில் தங்கியிருப்பதனால், வாரிசுரிமை, இத்தா ஆகியவற்றில் மக்கா தீர்மானத்தின் பேணுதலே பாதுகாப்பானதாக எனக்குத் தோன்றுகின்றது. இயந்திரத்தை அகற்றச் சம்மதிப்பது கொலையாகாது என்பதிலோ இரு சபைகளும் ஒன்றுபட்டுள்ளன. பிள்ளையைக் கொன்றுவிட்டோமோ என்று காலமெல்லாம் வருந்தும் உம்மாமார்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்திலே கொள்ளைநோய் பரவியபோது, உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்தில் நின்று ஆலோசனை நடத்தினார்கள். முஹாஜிர்கள் கருத்து வேறுபட்டனர், அன்ஸார்களும் வேறுபட்டனர். குறைஷி முதியவர்களின் ஆலோசனைப்படி திரும்பிச் செல்லத் தீர்மானித்தபோது, அபூ உபைதா (ரழி) அவர்கள் இது அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதாகாதா என்று நேருக்கு நேர் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ரின்பால் செல்வதாகவே உமர் (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள். அவ்வேளை, தம் தேவையொன்றுக்காகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, அது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதை எடுத்துரைத்தார்கள். அறிந்தவர் வந்து பேசியதும் விவாதம் அடங்கிற்று. ஒருவரையொருவர் கோழை என்றோ, வழிகேடர் என்றோ எவரும் அழைக்கவில்லை.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் கொவிட் நோயால் மரணித்தோரைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டபோது நாம் என்ன கேட்டோம்? நிலத்தடி நீர் மாசடையும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டோம். அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியதை எடுத்துக்காட்டினோம். 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்து, அடுத்த மாதம் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்படலாயின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அறிந்தவர்களின் சொல்லைக் கேளுங்கள் என்று அன்று பிறரிடம் வேண்டிய நாம், மூளை மரணம் பற்றிப் பேசும்போது வைத்தியரின் வாயை அடைத்துவிட்டுத் தீர்ப்பு வழங்குவது எந்த வகையில் நீதியாகும்? அவரிடம் கேளுங்கள்: எவ்வெச் சோதனைகள் செய்யப்பட்டன? எத்தனை பேர், எத்தனை முறை செய்தனர்? பதில் பெறும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு.

உறுப்புத் தானம் வேறொரு மஸ்அலா; அதை மூளை மரணத்தோடு சேர்த்து முடிச்சிடக் கூடாது. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற ஹதீஸின் கருத்தை முன்வைத்து, பாகிஸ்தானின் முப்தி முஹம்மத் ஷபீஃ (ரஹ்) போன்ற பேரறிஞர்கள் உறுப்பு மாற்றத்தையே தடுத்தார்கள். மறுபுறம், இறந்த கர்ப்பிணியின் வயிற்றில் உயிருள்ள சிசு இருந்தால் வயிற்றைக் கீறி அதனைக் காக்கலாம் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் உள்ளதே. இதுபோன்ற ஆதாரங்களை ஆராய்ந்த பிக்ஹ் அகடமி, 1988இல் ஜித்தாவில், மரணித்தவரின் முன்அனுமதியோ வாரிசுகளின் அனுமதியோ இருப்பின் உறுப்பைப் பெறலாம், விற்பது ஹராம் எனத் தீர்மானித்தது. நமது நாட்டில் இவ்விடயத்தை 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது.

கண்ணின் கருவிழியைப் பொறுத்தவரை மூளை மரணச் சர்ச்சைக்கே இடமில்லை. இதயம் நின்று சில மணித்தியாலங்களுக்குள் அதனை எடுக்கலாம். ஜனாஸாவின் தோற்றமும் குலையாது. 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த இலங்கைக் கண் தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கருவிழிகளை அனுப்பியிருக்கின்றது. அவற்றுள் பாகிஸ்தான் முக்கியமானது. அங்கே அக்கண்ணால் குர்ஆனைப் பார்த்து ஓதும் ஒரு முஸ்லிமுக்கு அதனைக் கொடுத்தவர் பெரும்பாலும் நம் அயலூர்ப் பௌத்தரே. உறுப்பு மாற்றமே கூடாது என்போரின் நிலைப்பாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. பெறுவது ஆகும், கொடுப்பது மட்டும் ஆகாது என்போரோ அதற்கான ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால், குறுக்கிடாமல் இறுதிவரை கேட்க நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.