பழைய காரைச் செப்பனிடுவதா, மாற்றுவதா?

யாங்கூன் வாசிகளுக்கு நெடுங்காலம் இக்கேள்வியே எழவில்லை. இறக்குமதி அனுமதி அரிதாக இருந்தமையால், எவ்வளவு பழைய காரும் செப்பனிடப்பட்டு ஓடியது. 2011 செப்டம்பரில், 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களை அரசிடம் ஒப்படைப்போருக்கு இறக்குமதி அனுமதி வழங்கும் திட்டம் தொடங்கிய பின்னர், கணக்கிட்டு முடிவெடுக்க வழி பிறந்தது.

பெருஞ்செலவுக்கு இசையுமுன் காரின் அடிப்பாகத்தைப் பரிசோதித்தல் வேண்டும். மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையும் தெருவில் தேங்கும் நீரும் அடிச்சட்டத்தைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு அரித்த சட்டத்தின்மேல் தகடு வைத்துப் பற்றவைப்பதால் மட்டும் பழைய உறுதி மீள்வதில்லை. அத்தகைய காருக்கு வேறு எஞ்சின் பொருத்துவது வீண்செலவு. சட்டம் உறுதியாக இருப்பின், எஞ்சின், கியர் பெட்டி ஆகியவற்றின் பழுதுகள் செப்பனிடத் தக்கவையே.

அடுத்து மூன்று தொகைகளைக் குறித்துக்கொள்ளல் நன்று:

1. பழுதுடன் விற்றால் கிடைக்கும் விலை.
2. செப்பனிடும் செலவு.
3. செப்பனிட்ட காருக்கு நிகரான வேறொரு காரின் விலை.

முதலிரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதை விஞ்சுமாயின், மாற்றுவதே சிக்கனம். முன்னர்ச் செலவிட்ட பணம் எவ்வளவாயினும் இக்கணக்கில் சேராது. நகையை அடகு வைத்துச் செப்பனிடுவோர், வட்டியையும் செலவுடன் சேர்க்க வேண்டும்.

செலவு மதிப்பீட்டை இரு பட்டறைகளிடமிருந்து எழுத்தில் பெறுக. மாற்றிய பாகங்களைக் காட்டுமாறு கேட்பது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

பிரேக், ஸ்டியரிங் பழுதுகளைச் செலவு கருதித் தள்ளிப்போடலாகாது. அவை சீராகும்வரை காரைச் சாலையில் ஓட்டாதிருப்பதே உயிருக்குக் காப்பு.