குழந்தையின் எலும்பு முறிந்தால்

சிறுவர்களின் எலும்பு, பெரியவர்களின் எலும்பினது சிறிய வடிவம் அன்று. அதன் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்தட்டு உள்ளது. எலும்பு நீள்வது அங்கேதான். பெண்களுக்கு ஏறத்தாழ 14, 15 வயதிலும் ஆண்களுக்கு 16, 17 வயதிலும் அது இறுகி எலும்பாகிவிடும். அதற்குமுன் தட்டு சிதைந்தால் கையோ காலோ குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். இக்குறை வெளிப்படப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், கட்டுப் பிரித்த பின்னரும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த எக்ஸ்-ரேயிலும் வளர்தட்டு இருண்ட கோடாகத் தெரிவதால், பழகிய கண்ணே அதனையும் முறிவையும் பிரித்தறியும். குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரை நாடச் சொல்வது இதனால்தான்.

இளம் எலும்பு விரைவில் கூடும். சற்றுக் கோணிக் கூடினும் வளர்ச்சியில் நேராவதுண்டு. பெரும்பாலானவற்றுக்கு மாவுக்கட்டே போதும்.

அச்சத்துக்குரியது, கையூன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே நேரும் முறிவு. அவ்விடத்தில் ரத்தக்குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டிச் செல்கின்றன. மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்கும். மாவுக்கட்டு இறுகினாலும் அப்படியே. வலி தணியாமல் மிகுதல், விரல்கள் வெளிறுதல், மரத்துப்போதல், விரலை நீட்டினால் குழந்தை அலறுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இனி, செலவு. உடல்நலக் காப்பீட்டின் முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் பொதுவாக விபத்துக்குப் பொருந்தாது. ஆயினும், புறநோயாளியாக மாவுக்கட்டு இடும் செலவைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. கம்பி பொருத்த நேர்ந்தால், பின்னர் அதனை அகற்றும் செலவுக்கும் காப்பீடு உண்டா என்பதை அப்போதே கேட்டறிக.