உங்களுக்குத் தெரியுமா? வேர்டு கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குப்பை

கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஸ்பேஸ் பார் தட்டிய இடமெல்லாம் புள்ளியாகவும், டேப் அடித்த இடம் அம்புக்குறியாகவும், என்டர் அடித்த இடம் ¶ என்றும் திரையில் தெரியும். அச்சில் வராது. அவசரத்தில் தயாரான எந்தப் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் இப்படித் திறந்து பாருங்கள். தலைப்புக்கு மேலே வரிசையாக ¶, இடப்பக்கம் எறும்புச் சாரைபோலப் புள்ளிகள்!

அந்த ¶ வெறும் அடையாளம் அல்ல. பத்தியின் ஓரம், வரி இடைவெளி, ஸ்டைல் எல்லாம் அதோடுதான் ஒட்டியிருக்கின்றன. அதை அழித்தால் இரண்டு பத்திகள் ஒன்றாகி, ஒன்றின் வடிவம் போய்விடும். "நான் ஒண்ணுமே செய்யல, தானா மாறிடுச்சு" என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் அழித்திருப்பார்கள்.

ஸ்பேஸ் பார் தட்டித் தலைப்பை நடுவுக்குக் கொண்டுவரும் பழக்கம் தட்டச்சுப் பொறியின் மிச்சம். வரியின் நடுவில் நின்றுகொண்டு, தலைப்பில் இரண்டு எழுத்துக்கு ஒரு பேக்ஸ்பேஸ் என்று பின்னால் போவதுதான் தட்டச்சுப் பள்ளிகளில் சொல்லித்தந்த கணக்கு. பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனால் கணக்கு தப்பாது. வேர்டில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. எழுத்துருவை மாற்றியதும் தலைப்பு ஓரமாக நகர்ந்துவிடும். வேர்டில் நடுவுக்குக் கொண்டுவர கன்ட்ரோல் + ஈ போதும்.

வெற்று என்டர்களை ஒழிக்க கன்ட்ரோல் + ஹெச். தேடும் கட்டத்தில் ^ குறியும் ஆங்கில ‘பி’யும் (சின்ன எழுத்துதான், பெரிய எழுத்து செல்லாது) இரண்டு முறை. மாற்றும் கட்டத்தில் அதே ஜோடி ஒரு முறை. ‘ரீப்ளேஸ் ஆல்’ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். கோப்பின் கடைசியில் ஒன்று ஒட்டிக்கொண்டு போகாமல் அடம்பிடிக்கலாம். அதைக் கையால் எடுத்துவிடலாம்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் வரிக்கு வரி ¶ விழும். அதற்கு மூன்று படி வைத்தியம். பத்திகளுக்கு நடுவே உள்ள இரட்டை ¶-ஐ முதலில் ### என்று மாற்றுங்கள். மிச்சமிருக்கும் ஒற்றை ¶-களை ஒரு ஸ்பேஸாக மாற்றுங்கள். பிறகு ###-ஐ மறுபடி ¶ ஆக்குங்கள். வரிசை மாறினால் மொத்தக் கட்டுரையும் ஒரே பத்தி ஆகிவிடும், ஜாக்கிரதை.

போல்டு செய்து, 16 பாயின்ட் வைத்தால் அது தலைப்பு ஆகிவிடாது. பார்ப்பவருக்குத்தான் தலைப்பு, வேர்டுக்கு அது கொஞ்சம் பருத்த ஒரு பத்தி. கர்சரை அந்த வரியில் வைத்து கன்ட்ரோல் + ஆல்ட் + 1 அழுத்தினால் ‘ஹெடிங் 1’ ஆகும்; 2, 3 அழுத்தினால் உட்தலைப்புகள். பிடிக்காத நீல நிறத்தை ஸ்டைலில் ஒரு தடவை மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும். தலைப்பு பக்கத்தின் அடியிலும் பத்தி அடுத்த பக்கத்திலும் பிரிந்து நிற்காது. அந்த ஏற்பாடு ஹெடிங் ஸ்டைலிலேயே இருக்கிறது. நேவிகேஷன் பகுதியில் தலைப்பைப் பிடித்து இழுத்தால் அதன் கீழுள்ள அத்தியாயம் முழுதும் கூடவே நகரும். பொருளடக்கம் தானாக உருவாகும், அதில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்தினால் பக்க எண்கள் திருந்தும். புள்ளி வைத்துப் புள்ளி வைத்துப் பொருளடக்கத்தைக் கையால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமை வேறு எதற்காவது பயன்படலாம்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில், உலாவும் நிலையில் ‘ஹெச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். போல்டு மட்டும் செய்த வரியில் அது நிற்காது. நூறு பக்க அறிக்கையில் இதன் கஷ்டம் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே போல்டில் போட்ட போலித் தலைப்புகள் ஐம்பது இருக்கின்றனவா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பட்டையின் வலப்பக்கமுள்ள ‘செலக்ட்’ பட்டியலில், ஒரே மாதிரி வடிவமுள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கும் வரியைச் சொடுக்குங்கள். எல்லாம் ஒன்றாகச் சிக்கும். பிறகு ஒரே ஒரு கன்ட்ரோல் + ஆல்ட் + 1.

கையால் செய்த அலங்காரம் மிச்சமிருந்தால், கன்ட்ரோல் + ஸ்பேஸ் எழுத்து அலங்காரத்தை நீக்கும். கன்ட்ரோல் + க்யூ பத்தி அலங்காரத்தை. லிப்ரெ ஆஃபிஸ் மென்பொருளில் இந்த வேலைக்கு கன்ட்ரோல் + எம்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் அலங்காரத்தை நீக்கினால் எழுத்துருவும் போய்விடும். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று நாம் பார்ப்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவே. பதறாமல் கன்ட்ரோல் + இசட் அழுத்துங்கள். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு சுத்தம் செய்வதுதான் முறை. மாற்றும்போதும் கவனம் வேண்டும்: எழுத்துரு மாற்றிகள் எழுத்துக் குறியீட்டை மட்டுமே பார்ப்பவையானால், நடுவிலுள்ள ஆங்கிலப் பெயர்களையும் தமிழாக்கி உளறும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருக்கள் இன்னும் பணி ஓய்வு பெறவில்லை.

ஸ்டைலை மாற்றாமல் விட்டால் கோப்பே வயதைச் சொல்லிவிடும். வேர்டின் இயல்பு எழுத்துரு 2007 பதிப்பில்தான் டைம்ஸ் நியூ ரோமனிலிருந்து கலிப்ரி ஆனது. 2006 தேதியிட்ட ஆவணம் கலிப்ரியில் இருந்ததால், 2017-இல் வெளிநாட்டுச் சொத்து தொடர்பான பனாமா வழக்கு விசாரணையில் பாகிஸ்தானின் அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீப் குடும்பத்துக்குப் பெரிய சங்கடம் வந்தது.

இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்புக்கு ஹெடிங், பத்திக்கு நார்மல், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நீங்கள் செய்த அலங்காரத்தை நீக்கிய பிறகுதான் பக்க வடிவமைப்பாளர் தன் வேலையையே தொடங்குகிறார்.