ஈரத் தரையில் மண்டியிட்டு வேலை செய்வோர்க்கு ஏற்ற கால்சட்டை

நாற்றுப்பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புபவர், பூந்தோட்டத்தில் களையெடுப்பவர், வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவர், குழாய் பழுது பார்ப்பவர், ஓய்வுக்குப் பின் வீட்டுத் தோட்டத்தைப் பேணும் பெரியவர் என இவர்கள் அனைவருக்கும் பொதுவான நிலை ஒன்று உண்டு: ஈரமான தரையில் முழங்காலை ஊன்றி நெடுநேரம் இருப்பது. முழங்காலில் புண்ணோ வீக்கமோ ஏற்பட்டு மருத்துவமனைக்கு வருவோர்க்கு மருந்தும் கட்டும் கிடைக்கின்றன. ஆயினும், குணமடைந்தபின் அதே நைந்த துணியோடு அதே தரைக்குத் திரும்பினால் புண்ணும் திரும்பிவிடும். ஆகவே, அணியும் கால்சட்டையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுதல் வேண்டும்.

முழங்காலுக்கு நேர்வது என்ன?

நெடுநேரம் நனைந்த தோல் ஊறி மென்மையாகிறது. அந்நிலையில் சிறு கூழாங்கல் உராய்ந்தாலும் தோல் எளிதில் சிராய்ந்துவிடும். முழங்கால் சில்லுக்கும் தோலுக்கும் இடையே ‘பர்சா’ எனப்படும் மெல்லிய திரவப் பை உள்ளது. இடைவிடாத அழுத்தமும் உராய்வும் இப்பையை வீங்கச் செய்கின்றன. சிராய்ப்பின் வழியே கிருமியும் நுழைந்தால், முழங்கால் சிவந்து, சூடேறி, சீழ் கட்டக்கூடும்.

எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாழ்கிறது. அது வெட்டுக்காயம், சிராய்ப்பு, ஊறிய தோல் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும். மழைக்கால மண்ணிலும் தேங்கிய நீரிலும் காணப்படும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி, நீரிழிவு உள்ளவர்களையே மிகுதியும் தாக்குகிறது.

கட்டுமானப் பணியாளர்க்கு மற்றோர் இடர் உண்டு. ஈரச் சிமெண்ட் வலிமையான காரத்தன்மை கொண்டது. அது கால்சட்டையில் ஊறி முழங்காலோடு ஒட்டியிருந்தால் தோல் வெந்துவிடும். தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே எரிச்சல் தோன்றும். அதற்குள் காயம் ஆழமாகிவிடக்கூடும்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

முழுப் பருத்தித் துணி உடலுக்கு இதமானது. ஆனால் நீரை உறிஞ்சித் தேக்கிவைத்துக்கொள்ளும். ஜீன்ஸ் உறுதியானதாயினும், நனைந்தால் கனத்து, உலர நெடுநேரமாகும். மழைக்கோட்டுத் துணியாலான கால்சட்டை நீரை முற்றிலும் தடுக்கும்; அதேவேளையில் வியர்வையையும் உள்ளேயே அடைத்துவிடும். நம் வெப்பத்தில் அதை நாள்முழுதும் அணிந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை தோன்றும்.

பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்து நெருக்கமாக நெய்த துணி பெரும்பாலோர்க்கு ஏற்றது. அது உராய்வைத் தாங்கும்; விரைவில் உலரும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் எடையுள்ள துணி முழங்கால் தேய்மானத்தைத் தாங்கப் போதுமானது. உடல் முழுதும் நீர் புகாத துணி தேவையில்லை. தரையில் படும் முழங்கால் பகுதி மட்டும் நீர் புகாததாக இருந்தால் போதும்.

முழங்கால் பகுதியின் அமைப்பு

முழங்காலில் இரண்டடுக்குத் துணி இருத்தல் இன்றியமையாதது. அவ்விரு அடுக்குகளுக்கும் நடுவே மெத்தை செருகும் பை இருந்தால் இன்னும் நன்று. செருகும் மெத்தை, நீரை உறிஞ்சாத கெட்டி நுரையால் ஆனதாக இருக்கவேண்டும். சாதாரணப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி முழங்காலோடு ஒட்டவைக்கும்; அதனால் தீமையே விளையும். தையல் கோடுகள் முழங்கால் சில்லின் மேல் அமையாமல் பக்கவாட்டில் அமைதல் வேண்டும்.

இத்தகைய கால்சட்டை கிடைக்காவிடில் கவலை வேண்டா. இருக்கும் உறுதியான கால்சட்டையில், நீர் புகாத கெட்டித் துணியை முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலிருந்து நான்கு விரற்கடை கீழ்வரை ஒட்டாகத் தைத்துத் தருமாறு தையற்காரரிடம் கேட்கலாம். சேலை அணிந்து வேலை செய்யும் பெண்கள் உள்ளே இத்தகைய கால்சட்டை அணியலாம். அல்லது தரையில் கெட்டி நுரைப் பாய் விரித்து அதன்மேல் மண்டியிடலாம்.

அளவு பார்க்கும் முறை

கடையில் நின்றபடி மட்டும் அளவு பார்த்தல் போதாது. மண்டியிட்டும், குந்தியும், எழுந்தும் பாருங்கள். மண்டியிடும்போது துணி மேலேறுவதால், நிற்கையில் சரியாக இருந்த மெத்தை முழங்காலை விட்டு விலகக்கூடும். முழங்காலின் பின்புறம் துணி இறுகினால் காலில் மரத்துப்போதல் உண்டாகும். காலின் அடிப்பகுதி, காலணியின் மேல்விளிம்பை மூடும் நீளத்தில் இருக்கட்டும்.

வேலை முடிந்த பின்

நனைந்த கால்சட்டையுடன் வீடு திரும்பி அப்படியே அமர்ந்திருத்தல் கூடாது. உடனே களைந்து, சோப்பிட்டுக் கால்களைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். கால்சட்டையை அன்றன்றே துவைத்து, உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். மாற்றி அணிய இரண்டு கால்சட்டைகள் இருத்தல் நலம். துணியில் ஈரச் சிமெண்ட் ஊறிவிட்டால் வேலை முடியும்வரை காத்திராமல் அதைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் தோலைக் கழுவிவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

நீரிழிவால் கால் உணர்வு குன்றியவர்க்குச் சிராய்ப்பு ஏற்பட்டாலும் வலி தெரியாது. அத்தகையோரின் முழங்கால்களையும் பாதங்களையும் நாள்தோறும் மாலையில் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது உடனிருந்து பேணுவோரின் கடமை. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள், மண்டியிடத் தொடங்குமுன் தம் அறுவை மருத்துவரின் கருத்தைப் பெறவேண்டும். ஆறாத புண் உள்ளவர்கள், அது ஆறும்வரை ஈர மண்ணைத் தவிர்க்கவேண்டும். எந்தக் கால்சட்டையும் திறந்த புண்ணுக்கு முழுக் காப்பாகாது. வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ் தடுப்பூசியை எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் கூறுங்கள்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

முழங்கால் சிவந்து சூடாக இருத்தல், சீழ் வடிதல், காலை மடக்க இயலாமை, ஈர மண்ணில் வேலை செய்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது, எத்தகைய தரையில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலின் காரணத்தை விரைந்து கண்டறிய அந்த ஒரு தகவல் பெரிதும் துணைபுரியும்.